தானாகப் பரவும் தடுப்பூசி பொதிகைக் காட்டு விலங்குகளுக்கு உதவுமா?

கொடுமுடி

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 895 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஒரு செந்நாய்க் கூட்டம் கண்ணில் படுவதே அபூர்வம். அதைப் பிடித்து ஊசி போடுவது நடக்காத காரியம். ஆனால் அடிவாரத்தில் பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு, திருக்குறுங்குடி என்று வரிசையாக ஊர்கள். எல்லா ஊரிலும் நாய்கள். அவை மானைத் துரத்திக் காட்டுக்குள் போகின்றன, திரும்பி வருகின்றன.

வெறிநோயோ டிஸ்டெம்பர் என்ற நாய் வைரஸ் நோயோ ஒரு செந்நாய்க் கூட்டத்துக்குள் புகுந்தால் கூட்டமே போய்விடும். ஒன்றையொன்று நக்கி, ஒரே இரையில் வாய் வைத்து வாழும் விலங்கு அது. 1994இல் ஆப்பிரிக்காவில் செரெங்கெட்டியில் டிஸ்டெம்பர் சுமார் 1000 சிங்கங்களைக் கொன்றது. 2018 செப்டம்பர், அக்டோபரில் கிர் காட்டில் 23 சிங்கங்கள் செத்தபோதும் அதே வைரஸ் உறுதியானது.

தானாகப் பரவும் தடுப்பூசி பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். பத்து விலங்குக்குப் போட்டால் அது தொற்றி நூறுக்குப் போகும் என்கிறார்கள். பிடிக்கவே முடியாத விலங்குக்கு இதைவிட வேறென்ன வழி? விவரம் தெரிந்தவர்கள் சாதக பாதகங்களைச் சொல்லுங்கள்.

நுண்ணுயிரி

தம்பி, இரண்டு வேறு சரக்கை ஒரே பெயரில் பேசுகிறார்கள். முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம்.

ஒன்று கைமாறும் தடுப்பூசி. மருந்தைக் களிம்பாகக் குழைத்து ஒரு விலங்கின் முதுகில் தடவி விடுவார்கள். கூட்டத்தில் மற்றவை அதை நக்கும்போது மருந்து வாய்க்குள் போகும். அத்தோடு சங்கிலி முடிந்தது. நக்கிய விலங்கிடமிருந்து அடுத்ததற்குப் போகாது. தென் அமெரிக்காவில் மாடுகளுக்கு வெறிநோய் பரப்பும் ரத்தம் குடிக்கும் வௌவால்களுக்கு இந்த வழியை ஆராய்கிறார்கள். அதற்கு முன் அங்கே இதே வழியில் வார்ஃபரின் விஷக் களிம்பைத் தடவி வௌவால்களைக் கொன்று வந்தார்கள். விஷம் போகிற பாதையில் மருந்தை அனுப்பலாமே என்பதுதான் யோசனை. பெருவில் ரோடமின்-பி என்ற ஒளிரும் சாயத்தைக் களிம்பில் கலந்து தடவி, பிறகு மற்ற வௌவால்களின் முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தடவிய ஒவ்வொரு வௌவாலிடமிருந்தும் சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்டவற்றுக்குச் சாயம் போயிருந்தது.

இரண்டாவது தொற்றும் தடுப்பூசி. இதுதான் விவாதத்துக்குரியது. உயிருள்ள, பெருகக்கூடிய வைரஸ் ஒன்றை வாகனமாக எடுத்து, அதில் நோய்க்கிருமியின் ஒரு புரத மரபணுவைச் செருகுவார்கள். அந்த வைரஸ் விலங்கிலிருந்து விலங்குக்குத் தொற்றும். தொற்றிய இடத்தில் எதிர்ப்பாற்றல் உண்டாகும்.

எவ்வளவு பரவும் என்பதைத் தீர்மானிப்பது ஒரே எண். ஒரு விலங்கிலிருந்து சராசரியாக எத்தனை விலங்குக்குத் தொற்றும் என்ற பரவல் எண். அது 1க்கு மேல் போனால் தடுப்பூசி நிற்காமல் ஓடும். 1க்குக் கீழே இருந்தால் சில சுற்றில் தானே அணைந்துவிடும். 0.5 என்றால் நீங்கள் போடும் ஒவ்வொரு ஊசிக்கும் மொத்தம் 2 விலங்கு கிடைக்கும். 0.8 என்றால் 5. இது உச்சக் கணக்கு. ஏற்கனவே எதிர்ப்பாற்றல் பெற்றவற்றின் மேலும் அது வீணாகப் படும் என்பதால் காட்டில் இதற்கும் குறைவுதான். "பத்து போட்டால் நூறு" வேண்டுமானால் பரவல் எண் 0.9க்கு வர வேண்டும். 0.9க்கும் 1க்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு சிறியது என்று யோசித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் விலங்குகள் நெருங்கிக் கூடினாலே அந்த எண் 1ஐத் தாண்டிவிடும்.

தாமிரபரணி

இது வெறும் ஏட்டுக் கணக்கா, எங்காவது வெளியில் விட்டுப் பார்த்திருக்கிறார்களா?

நுண்ணுயிரி

விட்டிருக்கிறார்கள். ஸ்பெயினில் மெனோர்க்கா தீவை ஒட்டி இஸ்லா டெல் ஐரே என்றொரு சின்னத் தீவு. 1999இல் அங்கே காட்டு முயல்களில் நடந்தது.

ஸ்பெயின் முயலுக்கு இரண்டு எமன்கள்: மிக்சோமா என்ற வைரஸ், முயல் ரத்தக்கசிவு நோய். வீரியம் குறைந்த 6918 என்ற மிக்சோமா ரகத்தை எடுத்து, அதில் ரத்தக்கசிவு வைரஸின் மேலுறைப் புரத மரபணுவைச் செருகினார்கள். 147 முயலைப் பிடித்து, சுமார் பாதிக்கு ஊசி போட்டு, அடையாளச் சில்லு பொருத்தி எல்லாவற்றையும் திரும்ப விட்டார்கள். சுமார் ஒரு மாதம் கழித்து மறுபடி பிடித்து ரத்தம் பார்த்தபோது, ஊசியே போடாத முயல்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இரண்டு நோய்க்குமே எதிர்ப்பொருள் இருந்தது. ஒரு சுற்றுக்கு மேல் அதிகம் பரவாத ரகமாகப் பார்த்தே தேர்ந்திருந்தார்கள்.

ஆக வேலை செய்கிறது. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனாலும் அந்த மருந்து சந்தைக்கு வரவில்லை. ஐரோப்பிய மருந்து முகமை கேட்ட பாதுகாப்புக் கேள்விகளைத் தாண்டி அது போகவில்லை.

அந்தக் கேள்விகள் வீண் இல்லை என்பதற்குப் பின்னால் ஒரு சாட்சி வந்தது. மிக்சோமா முயலை மட்டும் தாக்கும், குழிமுயல் எனப்படும் ஐபீரிய முயலினத்தை அநேகமாகத் தொடாது என்று பல பத்தாண்டுகளாக நம்பினார்கள். 2018 கோடையில் ஸ்பெயினில் அந்த இனம் கொத்துக் கொத்தாகச் செத்தது. காட்டில் இருந்த மிக்சோமா வேறொரு பாக்ஸ் (அம்மை வகை) வைரஸின் துண்டைச் சேர்த்துக்கொண்டு புது இனத்துக்குத் தாவியிருந்தது. இது தடுப்பூசியால் வந்ததல்ல, இயற்கையாக நடந்தது. ஆனால் "இந்த வைரஸ் இந்த இனத்தைத் தாண்டாது" என்ற வாக்கியத்தின் ஆயுள் எவ்வளவு என்று அது காட்டியது.

மிளா

வைரஸை வெளியில் விட்டவர்கள் கதை இன்னும் இரண்டு உண்டு. 1952 ஜூனில் பிரான்சில் ஒருவர் தன் பண்ணையில் முயல் தொல்லை தாங்காமல் இரண்டே இரண்டு முயலுக்கு மிக்சோமாவை ஏற்றி மதில் சுவருக்குள் விட்டார். மதில் அதைத் தடுக்கவில்லை. இரண்டு வருடத்துக்குள் நாடு முழுதும் முயல்களில் பெரும்பகுதி செத்து, நோய் பக்கத்து நாடுகளுக்கும் போய்விட்டது. ஆஸ்திரேலியாவில் 1995இல் வார்டாங் தீவில் சோதனைக்காகக் காப்பில் வைத்திருந்த ரத்தக்கசிவு வைரஸ் நிலப்பகுதிக்குத் தப்பியது. தீவு, வேலி, பூச்சிமருந்து எல்லாம் இருந்தும்தான்.

இவை கொல்வதற்கான வைரஸ்கள், தடுப்பூசி அல்ல. அதனால் நேராக ஒப்பிடவில்லை. எல்லைக்குள் நிறுத்தி வைப்போம் என்று சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு மட்டும் சொல்கிறேன். நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் செந்துருணி, பெப்பாறை, நெய்யாறு சரணாலயங்கள். வைரஸுக்குப் புளியரை சோதனைச் சாவடி கிடையாது.

கொடுமுடி

நியாயம். ஆனால் இப்போது ஆராய்ச்சி மிக்சோமாவில் இல்லையே. சைட்டோமெகலோ வைரஸைப் பயன்படுத்துகிறார்கள், அது ஓர் இனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகவே போகாது என்று சொல்கிறார்களே?

நுண்ணுயிரி

சரியான கேள்வி. மேற்கு ஆப்பிரிக்காவில் லாசா காய்ச்சலைப் பரப்பும் மாஸ்டோமிஸ் எலிக்கு அந்த வழியைத்தான் திட்டமிடுகிறார்கள். அந்த வைரஸில் மூன்று நல்ல குணம் உண்டு. ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனி சைட்டோமெகலோ. தொற்றினால் சாகும்வரை உடம்பில் தங்கும், பெரும்பாலும் நோய் தராது. ஏற்கனவே தொற்று உள்ள விலங்கையும் மறுபடி தொற்றும்.

கெட்டுப்போகும் இடங்களையும் பாருங்கள்.

செருகிய மரபணு வைரஸுக்குச் சுமை. அதற்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. பெருகும்போது எங்காவது ஒரு பிரதியில் அந்தத் துண்டு உதிர்ந்தால், சுமையில்லாத அந்தப் பிரதி வேகமாகப் பெருகி மற்றதை முந்திவிடும். சில தலைமுறையில் காட்டில் சுற்றுவது வெறும் வாகனமாக இருக்கும், மருந்து இருக்காது. எத்தனை சுற்றுக்கு மருந்து நிலைக்கும் என்பதை ஆய்வுக்கூடத்தில் பத்து, இருபது சுற்று ஓட்டிப் பார்க்கலாம். காட்டில் நடக்கப்போவது ஆயிரக்கணக்கான சுற்று.

இன்னொன்று, ஆய்வுக்கூட செல்களில் வளர்த்து வளர்த்துப் பழக்கிய சைட்டோமெகலோ சில மரபணுக்களை இழந்துவிடும். அப்படி இழந்தது விலங்குக்குள் சரியாகத் தொற்றாது. பரவ வேண்டும் என்றால் காட்டு ரகத்தை அப்படியே எடுக்க வேண்டும். அதில் வீரியத்தைக் குறைக்க இடம் கம்மி.

இனி செந்நாய்க்கு வருவோம். சைட்டோமெகலோ ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். நாய்க் குடும்பத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஹெர்பிஸ் வைரஸ் ஒன்று உண்டு. வளர்ந்த நாயை அது ஒன்றும் செய்யாது. பிறந்து மூன்று வாரத்துக்குள் உள்ள குட்டிக்குத் தொற்றினால் கொன்றுவிடும். கூட்டத்துக்குக் கூட்டம் குட்டி போடும் ஒரு சில தாய்களை நம்பி வாழும் இனத்தில் அதை வாகனமாக வைப்பதா? செந்நாய்க்கு என்று தனி வாகனம் கண்டுபிடித்து, அதன் குணம் முழுதும் தெரிந்து, செருகி, சோதித்து வருவதற்குள் ஒரு தலைமுறை ஆகும். அதுவரை அடைத்து வைத்துச் சோதிக்க எத்தனை செந்நாய் வேண்டும்?

தாமிரபரணி

மனிதர்களிடம் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறதே, போலியோ சொட்டு மருந்து. சொட்டு போட்ட குழந்தையின் மலத்தில் மருந்து வைரஸ் வெளியேறி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் போய் எதிர்ப்பாற்றல் கொடுத்தது. இந்தியாவில் 2011 ஜனவரி 13க்குப் பிறகு இயற்கைப் போலியோ வரவில்லை, 2014 மார்ச் 27இல் சான்று கிடைத்தது என்றால் அந்தப் பரவலுக்கும் அதில் பங்கு உண்டு.

அதே பரவல்தான் பின்னால் தொல்லையும் கொடுத்தது. சொட்டு மருந்து சரியாக எட்டாத ஊர்களில் மருந்து வைரஸ் குழந்தைக்குக் குழந்தை ஓடி ஓடி, மாறி, முடக்கும் குணத்தைத் திரும்பப் பெற்றது. 2000, 2001இல் ஹிஸ்பானியோலா தீவில் அப்படி நோய் வெடித்தது. அதனால்தான் 2016 ஏப்ரலில் உலகம் முழுதும் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகையை எடுத்தார்கள். மரபணுவை இறுக்கிக் கட்டிய புது இரண்டாம் வகைச் சொட்டு மருந்து 2021இல் களத்துக்கு வந்தது. மாறும் வேகம் மிகவும் குறைந்தது, ஆனால் 2023இல் அதிலிருந்தும் மாறிய வைரஸ் ஆப்பிரிக்காவில் தென்பட்டது.

போலியோவில் ஒரு வசதி இருந்தது. ஒவ்வொரு முடங்கிய குழந்தையின் மலத்தையும் சோதித்தார்கள், சாக்கடை நீரைச் சோதித்தார்கள், வெடித்த ஊருக்கு ஓடினார்கள். முண்டந்துறைக் காட்டில் ஒரு சருகுமான் எதனால் செத்தது என்று யார் பார்ப்பது? பிணம் கிடைப்பதற்குள் பன்றி தின்றுவிடும்.

களக்காடு கால்நடை

இரண்டு நாளாக இழையை வாசிக்கிறேன். எல்லாரும் காட்டுக்குள் மருந்தை எப்படி அனுப்புவது என்று பேசுகிறீர்கள். நோய் எங்கிருந்து காட்டுக்குள் போகிறது என்பதைப் பேச வேண்டும்.

வெக்கை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1968இல் முதுமலை, பந்திப்பூர் பக்கம் காட்டுமாடுகளைக் கூண்டோடு கொன்ற நோய். 2011இல் உலகத்தை விட்டே ஒழிந்தது. ஒரு காட்டுமாட்டுக்குக்கூட ஊசி போட்டதில்லை. வீட்டு மாட்டுக்குப் போட்டார்கள், காட்டில் தானாக அணைந்தது. அந்தத் தடுப்பூசி மாட்டிலிருந்து மாட்டுக்குத் தொற்றவும் இல்லை.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் 33அ என்று ஒரு பிரிவு. சரணாலயத்துக்குள்ளும் அதன் 5 கிலோமீட்டர் சுற்றிலும் உள்ள கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட நடவடிக்கை எடுக்க வேண்டும், ஊசி போடாத கால்நடையைச் சரணாலயத்துக்குள் கொண்டுபோகவோ மேய்க்கவோ கூடாது. சட்டம் இருக்கிறது, மருந்து இருக்கிறது, பிடிக்கக்கூடிய விலங்கு இருக்கிறது. இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் ஊசி முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நம் மலைக்கு முதல் ஆபத்து ஆட்டுக்கொல்லி நோய். வரையாடு, மிளா, புள்ளிமான், கேளையாடு, சருகுமான் எல்லாம் குளம்பினம். 2017இல் மங்கோலியாவில் வீட்டு ஆட்டிலிருந்து தாவி சைகா மான்களை ஆயிரக்கணக்கில் கொன்றது இதே வைரஸ். ஒரு தடவை ஒழுங்காகப் போட்டால் மூன்று வருடத்துக்கு மேல் காக்கும் தடுப்பூசி நம் நாட்டிலேயே தயாராகிறது. சுங்ரி 96 ரகம் ஒன்று, நம் மாநிலக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் அரசூர் 87 இன்னொன்று.

போடும்போது கெடுவது எங்கே என்று சொல்கிறேன்.

குப்பியில் மருந்து வெள்ளை வில்லையாக உறைந்து ஒட்டியிருக்கும். கூடவே வரும் கரைப்பானையும் ஐஸில் வைத்துக் குளிரவைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். வெளியில் வெயிலில் கிடந்த கரைப்பானை ஊற்றினால் வைரஸ் செத்துவிடும். கரைத்தால் இரண்டு மணி நேரம்தான் கெடு. 100 டோஸ் குப்பியை உடைத்துவிட்டு 40 ஆடுதான் வந்தது என்று மதியம் வரை காத்திருந்தால், பிறகு போடுவது வெறும் தண்ணீர். அதனால் பட்டியில் ஆட்டை எண்ணி நிறுத்திவிட்டுத்தான் குப்பியைத் திறக்க வேண்டும். ஊசியையோ சிரிஞ்சையோ ஸ்பிரிட் வைத்துத் துடைக்கக் கூடாது. இது உயிருள்ள வைரஸ், ஸ்பிரிட் ஈரம் பட்டால் செத்துப்போகும். கழுத்துத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, தோலுக்கு அடியில் 1 மில்லி. விரலில் தோலுக்குக் கீழே சின்ன மேடு தட்டுப்பட வேண்டும். முடி நனைந்தால் மறுபக்கம் குத்தி வெளியே போய்விட்டது என்று பொருள், திரும்பப் போடுங்கள்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குப் போட்டுப் பயன் இல்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் மருந்து வைரஸை அடித்துவிடும். காய்ச்சல், மூக்கொழுகல் உள்ள பட்டியில் போடாதீர்கள். நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் ஆடு மறுநாள் செத்தால் ஊசியால் செத்தது என்று ஊரெல்லாம் பேச்சாகி, அடுத்த தெருவில் ஒருவரும் ஆட்டைக் காட்ட மாட்டார்கள்.

மிளா

அண்ணாச்சி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர் ஆட்டுக்குப் போட்டால் மட்டும் போதாது. பிசான நெல் அறுவடை முடிந்ததும் ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிழக்கிலிருந்து பெரிய பெரிய கிடைகளோடு வருவார்கள். தாளடி வயலில் கிடை போட்டு, வெயில் ஏற ஏற மேற்கே மலையடிவாரம் வரை நகர்வார்கள். ஊசி முகாமை உள்ளூர் நாட்காட்டிப்படி வைத்தால் கிடை வந்தபோது முகாம் முடிந்திருக்கும், முகாம் வந்தபோது கிடை போயிருக்கும். தை, மாசியிலேயே உள்ளூர் மந்தையை முடித்துவிட்டு, கிடை வந்து இறங்கும் முதல் வயலிலேயே கீதாரியைப் பார்த்துப் பேச வேண்டும். விடியற்காலை, பட்டி திறக்கும் முன். மேய்ச்சலுக்குக் கிளம்பிய ஆட்டை நிறுத்தச் சொன்னால் எந்தக் கீதாரியும் சம்மதிக்க மாட்டார், அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது.

கொடுமுடி

ஆட்டு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி செந்நாய். அடிவார நாய்களுக்கு ஊசி போட்டால் டிஸ்டெம்பர் நின்றுவிடும் என்கிறீர்களா? செரெங்கெட்டியைச் சுற்றி நாய்களுக்கு வருடக்கணக்கில் ஊசி போட்டும் சிங்கங்களில் அந்த வைரஸ் நிற்கவில்லை என்று ஆய்வு வந்திருக்கிறது. வேறு காட்டு விலங்குகளிலும் அது சுற்றுகிறது. நமக்கு இங்கே மரநாய், கீரி, நரி எல்லாம் உண்டு. காட்டைச் சுற்றி ஊசி வளையம் போட்டால் போதும் என்பது டிஸ்டெம்பருக்குப் பொருந்தாது.

களக்காடு கால்நடை

உண்மை தம்பி, இரண்டு நோயையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. வெறிநோய்க்கு வளையம் வேலை செய்யும், டிஸ்டெம்பருக்குப் பாதிதான்.

வெறிநோயின் பரவல் எண் நாய்களில் 2க்கும் கீழே. கணக்குப்படி பாதி நாய்க்கு எதிர்ப்பாற்றல் இருந்தாலே நோய் ஓடாது. பிறகு ஏன் 70 சதவீதம் என்கிறார்கள்? நாய்களில் வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு செத்துப் புதுக் குட்டிகள் வரும். இன்று 70 என்றால் அடுத்த வருடம் இதே நாளில் சுமார் 47தான் மிஞ்சும். அடுத்த ஊசி வரும்வரை அந்தப் பாதிக்குப் பக்கத்திலேயே நிற்கத்தான் 70.

அந்த 70 எட்டியதா என்று காகிதத்தில் பார்க்காதீர்கள். ஊசி போட்ட ஒவ்வொரு நாய்க்கும் முதுகில் ஆட்டுக்கு அடிக்கும் சாய ஸ்ப்ரே ஒரு கோடு. மறுநாள் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஊரை ஒரு சுற்று வந்து எண்ணுங்கள். 60 நாய் கண்ணில் பட்டு 39இல் கோடு இருந்தால் 65 சதவீதம். அந்த ஊர் முடியவில்லை, மறுபடி போங்கள். விடுபடுவது எப்போதும் ஒரே வகைதான்: கறிக்கடைப் பின்புறம், குப்பைமேடு, வயற்காட்டுப் பம்புசெட் நாய்கள். காட்டுக்குள் போகிறவையும் அவைதான்.

நுண்ணுயிரி

கைக்குப் பிடிபடாத அந்த நாய்களுக்கு வாய்வழித் தடுப்பூசி வைத்த இரை உண்டு. இது தானாகப் பரவாது, தின்ற நாய்க்கு மட்டும். 1978இல் சுவிட்சர்லாந்தில் ரோன் பள்ளத்தாக்கில் கோழித் தலைக்குள் மருந்தை வைத்து நரிகளுக்குப் போட்டார்கள். 1999இல் அந்த நாடு வெறிநோய் அற்றதானது. காட்டு விலங்கு நோய் ஒன்றை ஊசியில்லாமல் ஒழித்த பெரிய வெற்றி இது. தொற்றும் வைரஸ் எதுவும் தேவைப்படவில்லை.

இரையில் ஓர் உறைக்குள் ஒன்றரை, இரண்டு மில்லி திரவ மருந்து இருக்கும். நாய் அதைக் கடித்துக் கிழிக்க வேண்டும். மருந்து வாயின் சவ்விலும் தொண்டைச் சதையிலும் பட வேண்டும். அப்படியே முழுங்கிவிட்டால் இரைப்பை அமிலத்தில் மருந்து செத்துவிடும். இரை சின்னதாக இருந்தால் பெரிய நாய் மெல்லாமல் முழுங்கும். வேகவைத்த குடலை நீளமாக வெட்டி அதற்குள் உறையை வைத்தால் நாய் முன்னங்காலால் மிதித்துக்கொண்டு மெல்லும். கைநீட்டிக் கொடுத்து, மெல்லுவதைப் பார்த்து, கிழிந்த உறையைத் திரும்பப் பொறுக்கி எண்ண வேண்டும். கோவாவில் மருந்தில்லாத வெற்று இரையை வைத்துப் பார்த்ததில், வலை வீசிப் பிடிப்பதைவிட ஒரு ஆள் ஒரு நாளில் பல மடங்கு நாய்களை எட்ட முடிந்தது.

தூவிவிட்டு வருவது நம் ஊருக்கு ஆகாது. சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் கிடக்கும் உறைக்குள் மருந்து மதியத்துக்குள் கெட்டுவிடும். காக்கை, குரங்கு, பன்றி முந்திக்கொள்ளும். குழந்தைகள் எடுப்பார்கள். 2000இல் ஒஹாயோவில் நாய் வாயிலிருந்து இரையைப் பிடுங்கப்போன பெண்ணை அந்த நாய் கடித்து, இரை மருந்தில் வாகனமாக இருந்த வாக்சினியா வைரஸ் அவருக்குத் தொற்றியது. உயிருள்ள வைரஸ் எதையும், பரவாதது என்றாலும், ஆள் பார்வையில்தான் கொடுக்க வேண்டும்.

டிஸ்டெம்பருக்கு: வீட்டு நாய்க்குப் போடும் வீரியம் குறைத்த உயிர்த் தடுப்பூசியைச் செந்நாய்க்குப் போடவே கூடாது. ஆப்பிரிக்கக் காட்டுநாய், கருங்கால் பெரட், சிவப்புப் பாண்டா எல்லாம் அந்த மருந்தாலேயே டிஸ்டெம்பர் வந்து செத்திருக்கின்றன. நாய்க்குச் சாது, இன்னோர் இனத்துக்கு எமன். இப்போது நினைத்துப் பாருங்கள், அந்த மருந்துக்குத் தானே பரவும் குணமும் இருந்திருந்தால்? கேனரிபாக்ஸ் என்ற பறவை வைரஸை வாகனமாக வைத்துச் செய்த தடுப்பூசி ஒன்று உண்டு. அந்த வைரஸ் பாலூட்டி உடம்பில் பெருகாது. பெருகாததால்தான் அது பத்திரம்.

கொடுமுடி

அதை எப்படிச் செந்நாய்க்குச் சேர்ப்பது? மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம்.

மிளா

எல்லாச் செந்நாய்க்கும் சேர்க்க வேண்டியதில்லை என்பதுதான் விடை. எத்தியோப்பிய ஓநாய்களில் 2003இல் வெறிநோய் வந்தபோது எல்லாக் கூட்டத்துக்கும் ஊசி போடவில்லை. நோய் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகும் இடைவழியில் உள்ள கூட்டங்களுக்கு மட்டும் போட்டு மறித்தார்கள். இனம் அழியாமல் காப்பதற்கும் நோயை ஒழிப்பதற்கும் தேவையான ஊசி எண்ணிக்கை வேறு வேறு. சைபீரியப் புலிகளில் டிஸ்டெம்பருக்குப் போட்ட கணக்கில், ஒரு சின்னக் கூட்டத்தில் வருடத்துக்கு இரண்டு புலிக்கு ஊசி போட்டாலே அழியும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. கழுத்துப்பட்டை பொருத்தவோ காயத்துக்கோ விலங்கு எப்படியும் கையில் வரும் நாள் உண்டு, அன்றைக்குப் போட்டால் போதும். அதற்கு மருந்து இங்கே இருப்பில் இருக்க வேண்டும். கிர் காட்டில் சிங்கம் சாகத் தொடங்கிய பிறகுதான் அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார்கள்.

பனங்காட்டான்

வௌவாலை ஒருவரும் தொடவில்லை. 2018இலிருந்து கேரளத்தில் நிபா திரும்பத் திரும்ப வருகிறது. அதைச் சுமப்பது பழந்தின்னி வௌவால். தாமிரபரணிக் கரை மருத மரங்களில் தொங்குவதும் அதே இனம். நிபாவுக்குத் தானாகப் பரவும் தடுப்பூசி என்று யாராவது முயன்றால் வரவேற்கலாமா?

நுண்ணுயிரி

களிம்பு வழி இதற்குக் கஷ்டம். ரத்தம் குடிக்கும் வௌவால் அளவுக்கு இவை ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்வதில்லை, கிளையில் இடைவெளி விட்டுத் தொங்கும். தொற்றும் வைரஸ் என்றால், ஒரே இரவில் பல கிலோமீட்டர் பறக்கும் விலங்கில், இலங்கை வரை ஒரே இனம் உள்ள நிலத்தில், திரும்பப் பெற வழியில்லாமல் விடுவதாகும். மரபணு மாற்றிய உயிரியை வெளியில் விட 1989 விதிகளின்படி மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். ஆனால் அண்டை நாட்டுச் சம்மதத்தை அந்தக் குழு தர முடியாது.

ஆஸ்திரேலியாவில் ஹெண்ட்ரா வைரஸ் இதே வகைப் பழந்தின்னியிலிருந்து குதிரைக்கும், குதிரையிலிருந்து மனிதருக்கும் வந்தது. அவர்கள் வௌவாலைத் தொடவில்லை. 2012இல் குதிரைக்குத் தடுப்பூசி கொண்டு வந்தார்கள். நடுவில் உள்ள கண்ணியை அறுத்தார்கள்.

வங்கதேசத்தில் நடுக்கண்ணி ஈச்சம்பதநீர். மூங்கில் பாவாடை கட்டி மறைத்தால் வௌவால் சாற்றில் வாய் வைப்பது நிற்கிறது என்று அங்கே கண்டார்கள். நம் பனையில் அதற்கு என்ன செய்யலாம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பனங்காட்டான்

பனையில் பாளையை இடுக்கி, சீவி, நுனியைக் கலயத்துக்குள் விட்டுக் கட்டுவோம். கலய வாய்க்கும் பாளைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கும், வௌவால் மூக்கு நுழைவது அதில்தான். மட்டையடியில் இருக்கும் பன்னாடையை இரண்டாக மடித்துப் பாளையோடு சேர்த்து வாயைச் சுற்றிக் கட்டினால் அடைந்துவிடும், ஈயும் விழாது. சீவும்போது அவிழ்த்துக் கட்ட ஒரு மரத்துக்கு அரை நிமிடம் கூடுதல் ஆகும். கலயத்தின் உள்பக்கம் தடவும் சுண்ணாம்பு புளிக்காமல் இருக்கத்தான், அதை நம்பி வாயைத் திறந்து விடக் கூடாது. கருப்பட்டிக்குக் காய்ச்சுவதற்குப் பயமில்லை, நன்றாகக் கொதித்துவிடும். பச்சைப் பதநீராக விற்கும் மரத்துக்குத்தான் பன்னாடை அவசியம்.

தாமிரபரணி

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு முண்டந்துறைக் காட்டுக்குள் ஜனம் திரண்டு போய் நாள்கணக்கில் தங்குகிறது. நேர்ச்சைக் கிடாவும் கூடப் போகும். களக்காடு அண்ணாச்சி, 33அ அதற்கும் பொருந்தும் அல்லவா? எப்போது போட வேண்டும்?

களக்காடு கால்நடை

பொருந்தும். கிடாவைக் காட்டுக்குள் கொண்டுபோவதுதானே. எதிர்ப்பாற்றல் உறுதிப்பட 21 நாள் வைத்துக்கொள்ளுங்கள், ஆனிக்குள் போட்டாக வேண்டும். பாபநாசம் சாவடியில் நின்று போடுவதில் பயனில்லை, அன்றைக்குப் போட்ட ஊசி அன்றைக்குக் காக்காது. நேர்ச்சைக் கிடா பெரும்பாலும் குட்டியிலேயே நேர்ந்துவிட்டு வளர்ப்பது, எந்த வீட்டில் இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். ஊசி போட்டதும் காது வில்லை எண்ணையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். சாவடியில் பார்க்க வேண்டியது அந்தத் தேதி, பிறகு கிடாவின் மூக்கு. சளி காய்ந்து ஒட்டியிருந்தாலோ, கண்ணில் பீளை இருந்தாலோ, வாலடியில் கழிச்சல் பட்டிருந்தாலோ, சீட்டு இருந்தாலும் அந்தக் கிடா மேலே போகக் கூடாது. திருப்பி அனுப்பும் கிடாவைக் கட்ட நிழலும் தண்ணீரும் சாவடிக்குப் பக்கத்திலேயே, மற்ற கிடாக்களை விட்டுத் தள்ளி, முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்தால் சண்டை வராது.